ஸ்டீவன்சனின் பூனைக் கடிதம்: சிரிப்புக்கு அடியில் என்ன?

1949 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன், செனட் மசோதா 93-க்கு ஒப்புதல் தர மறுத்துத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். அமெரிக்க அரசியல் நகைச்சுவை பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கடிதம் அது. பூச்சி தின்னும் பறவைகளைக் காக்க, பூனைகள் வெளியே சுற்றுவதைத் தடுக்க வேண்டும் என்பது மசோதா. அதன்படி, துணையில்லாமல் வீட்டு எல்லையைத் தாண்டும் பூனை ஒரு பொதுத் தொல்லை. அதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பொறி வைக்கலாம், போலீஸைக் கூப்பிடலாம்.

ஸ்டீவன்சன் இதை ஊதித் தள்ளிவிட்டார். பூனையைக் கயிறு கட்டி நடத்திப் போவது பூனையின் சுபாவத்துக்கு ஒத்துவராது என்றார். பூனைக்கும் பறவைக்கும் இன்று பஞ்சாயத்து பண்ணினால், நாளைக்கு நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் பண்ணச் சொல்வீர்களே என்று கேட்டார். படிச்சா இன்னிக்கும் சிரிப்பு வருது. நானும் சிரித்தேன். ஆனால் ரெண்டாவது தடவை நிதானமாகப் படித்தால், சிரிப்பு பல விஷயங்களை மூடி மறைப்பது தெரிகிறது.

முதலில் கிராமம். இரண்டு தரப்புமே விவசாயியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது, கவனித்தீர்களா? பறவை பூச்சியைத் தின்று பயிரைக் காக்கும் என்று மசோதா. பூனை எலியைப் பிடிக்கும், அந்த வேலையை அது தனியாக, வேலி வரப்பு பார்க்காமல்தான் செய்ய முடியும் என்று ஆளுநர். கடிதம் முழுவதிலும் தகவல் மாதிரி தோன்றும் வாதம் இது ஒன்றுதான். அதனால் இதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1953-இல், ஆக்ஸ்ஃபோர்டு சூழலியலாளர் சார்லஸ் எல்டன் பண்ணைப் பூனைகளும் எலிகளும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது சுவாரஸ்யமானது. எலி ஏற்கனவே குடியேறிவிட்ட பண்ணையைப் பூனைகளால் சுத்தம் செய்ய முடியவில்லை. வேறு வழியில் எலியை ஒழித்த பிறகு, புது எலி வராமல் காக்க மட்டும் முடிந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: பூனைக்குப் பால் ஊற்றிப் பண்ணையிலேயே தங்க வைக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பும் கட்டடங்களை ஒட்டிய இடத்துக்குத்தான். அதாவது, பூனையின் பயன் அது வீட்டோடு இருப்பதில் இருக்கிறது. எல்லை தாண்டிப் போவதில் இல்லை. ஆளுநரின் வாதத்துக்கு நேர் எதிர்! 1949-இல் இதை அவர் படித்திருக்க வழியில்லை என்பது வேறு விஷயம். இன்று அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது, கடிதத்தில் வருவது யாருடைய பூனை? அடுக்குமாடியில் எஜமானோடு வாழும், எப்போதாவது காலாற வெளியே போய்வரும் பூனை. அதைப் பிடித்து அடைப்பது அபத்தம்தான். ஆனால் 2013-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் லாஸ், வில், மாரா ஆகியோர் செய்த மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைப் பூனைகள் கொல்கின்றன. பெரும்பங்கு சொந்தக்காரர் இல்லாத பூனைகளால். வைக்கோல் கொட்டகையில் குட்டி போட்டுப் பெருகி, யாருடையது என்று கேட்டால் ஊரே கையை விரிக்கும் பூனைகள். கடிதத்தில் இவை இல்லவே இல்லை. உரிமையாளரைப் பொறுப்பாக்கிய மசோதாவும் இவற்றைத் தொட்டிருக்காது.

அப்போ வீட்டோ தப்பா? என்னைக் கேட்டால், முடிவு சரி. அதற்கான நல்ல காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் நகைச்சுவை இல்லாத வரி என்பதால் யாரும் அதை மேற்கோள் காட்டுவதில்லை. இந்தச் சட்டம் அக்கம்பக்கத்தில் பகையைத்தான் வளர்க்கும் என்கிறார் ஸ்டீவன்சன். பூனைக்கு மணி கட்டும் வேலையை அரசு பக்கத்து வீட்டுக்காரனிடம், அதுவும் பொறியோடு, ஒப்படைக்கிறது. ஏற்கனவே வாய்க்கால் தகராறு உள்ள இரண்டு பண்ணைகளுக்கு நடுவே இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

அண்டை மாநிலமான விஸ்கான்சினில் 2005-இல் அதே கயிறு இன்னும் இறுகியது. கழுத்துப்பட்டை இல்லாமல் திரியும் பூனைகளைப் பாதுகாப்பற்ற இனமாக அறிவிக்கலாமா, அதாவது வேட்டை உரிமம் உள்ளவர்கள் சுடலாமா என்று மாநில இயற்கைவளப் பேரவையின் கூட்டங்களில் மக்களிடம் கேட்டார்கள். ஆதரவு 6,830, எதிர்ப்பு 5,201. இது வெறும் ஆலோசனை வாக்குதான். ஆளுநர் ஜிம் டாயில் ஏற்க மாட்டேன் என்றதும் அடங்கிவிட்டது. மறுபடி செய்தியானது துப்பாக்கிதான். கொட்டகைப் பூனைக்குக் கருத்தடை யார் செய்வது, காசு யார் கொடுப்பது என்பது 1949 மசோதாவிலும் இல்லை, ஸ்டீவன்சன் கடிதத்திலும் இல்லை, அந்த வாக்கெடுப்புக் கேள்வியிலும் இல்லை.