தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான்

2020 டிசம்பர் 4, கான்பெரா. சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்கு டி20 ஆடி 3 விக்கெட் எடுத்த நாள் என்றுதான் நமக்கு நினைவிருக்கும். அதே ஆட்டத்தின் கடைசி ஓவரில் ஸ்டார்க் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. அவர் விழவில்லை. மிச்சப் பந்துகளையும் ஆடி, 44 ரன்னோடு அவுட் ஆகாமல் திரும்பினார். உள்ளே வந்த பிறகுதான் தலை கிறுகிறுத்தது. மாற்றாக இறங்கிய சாஹல் ஆட்டநாயகன் ஆனதால் எழுந்த சச்சரவை விடுங்கள். அடிபட்டதற்கும் கிறுகிறுப்புக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளிதான் நம் பையன்களுக்கு ஆபத்தானது.

நத்தம் என்.பி.ஆர். மைதானத்தில் டி.என்.பி.எல். நடந்தால் பிசியோ ஓடி வருவார். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கபடியில் யார் வருவார்? கார்னரில் நிற்கும் பையன் ரெய்டரின் காலைப் பிடிக்கக் குனிகிறான். முழங்கால் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. முகத்தில் தண்ணீர் தெளித்து, "எத்தனை விரல்டா?" என்று கேட்டு, சரியாகச் சொன்னதும் முதுகில் தட்டி இறக்கிவிடுகிறார்கள். இது சோதனையே அல்ல. "இது எந்த ஊரு? கடைசியா பாடினது யாரு? போன மேட்ச் யாரோட?" என்று கேட்டுப் பாருங்கள், தடுமாறலாம். தடுமாறாவிட்டாலும் அனுப்பக் கூடாது. மூளை அதிர்ச்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. ஸ்கேனும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் வீங்கி உயிரையே பறிக்கலாம். அரிதுதான். ஆனால் அதில் சிக்குவோர் பெரும்பாலும் இளவயதினர்.

ஆளில்லை என்ற சாக்கு கபடியில் எடுபடாது. களத்தில் 7 பேர், வெளியே 5 மாற்று வீரர்கள். தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்க கிரிக்கெட்டுக்கே 2019இல் தனி விதி தேவைப்பட்டது. கபடியில் ஏற்கெனவே வழி இருக்கிறது.

அடிபட்டவனுக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் தளர்வு, கழுத்துவலி இருந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. இல்லையென்றாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போனும் குறைவு. நாள்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது பழைய வைத்தியம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அது வேண்டாம், சீக்கிரமே மெல்ல நடக்கட்டும் என்றார்கள். நடை, பிறகு ஓட்டம், பிறகு தனியாகப் பயிற்சி. படிக்கு ஒரு நாளாவது. தலைவலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் மறுபடி முயலலாம். பள்ளிக்கூடத்துக்கு முழுசாகப் போய்ப் படிக்க முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகே பிடியும் மோதலும். பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரைகூட ஆகும். பாதிப் பாடவேளை, கொஞ்சம் வீட்டுப்பாடம் என்று வாத்தியார்களும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

போட்டி நோட்டீஸில் பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு எல்லாம் அச்சாகிறது. தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் இறங்க முடியாது, நடுவர் முடிவே இறுதி என்ற ஒரு வரியையும் கமிட்டிக்காரர்கள் சேர்க்கட்டும். அரையிறுதியில் இரண்டு பாயிண்ட் பின்தங்கி நிற்கும்போது, அந்த முடிவைப் பயிற்சியாளர் கையிலோ, "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று துடிக்கும் பையன் வாயிலோ விடக் கூடாது.