கோட்டு யாருடையது?

பக்கத்து ஃபிளாட் பையனுக்குப் பத்து வயசு. ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ முதல் புத்தகத்தை நீட்டி, ‘‘படிங்க தாத்தா, செம காமெடி’’ என்றான். ஜெஃப் கின்னி எழுதி, படமும் வரைந்து 2007-ல் வெளியானது. ஒரே மூச்சில் படித்தேன், சிரித்தேன். ஓர் இடம் மட்டும் உறுத்தியது.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கப் பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பெல்ட் மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பார்கள். ‘சேஃப்டி பேட்ரோல்’ என்று பெயர். கார் வைத்திருப்பவர்களின் சங்கமான ட்ரிபிள் ஏ நடத்தும் இந்தத் திட்டம் 1920-ல் ஆரம்பித்தது. ஜிம்மி கார்ட்டர், பில் கிளின்டன் எல்லாம் சிறுவயதில் இந்த வேலை பார்த்தவர்கள்தான். இதில் ஒரு நுட்பம், பையன் கார்களை நிறுத்தக் கூடாது. குட்டிகளை ஓரமாக நிறுத்திவைத்து, வண்டி வராதபோது அனுப்ப வேண்டும். அதிகாரம் இத்தனூண்டு. குட்டிகள் அவனை நம்புவதால்தான் அதுவும் செல்லுபடியாகிறது.

கின்னியின் கதாநாயகன் கிரெக் இதில் சேர்வது சேவை மனப்பான்மையால் அல்ல. அரைநாள் பள்ளி முடிந்த மழலைகளை வீட்டில் விட்டுவரும் சாக்கில் கணக்கு வகுப்புக்கு மட்டம் போடலாமே! ஒருநாள் குச்சியில் மண்புழுவை மாட்டி அதுகளைத் துரத்துகிறான். அப்போது போட்டிருந்தது நண்பன் ரௌலியின் கோட்டு. பார்த்த அம்மாள் கோட்டை வைத்துப் புகார் செய்ய, தண்டனை ரௌலிக்கு.

விவரம் தெரியாத அம்மா, சரியானதைச் செய் என்கிறாள். வாயை மூடிக்கொள்வதே சரி என்று முடிவு கட்டுகிறான் கிரெக். பிறகு ரௌலியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, கோட்டை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் ஜாக்கிரதை தேவை என்று பாடம் வேறு எடுக்கிறான்!

இந்தப் புத்தகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்கிற பெற்றோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெல்ட் மாட்டிவிட்டால் பொறுப்பு தானாக வரும் என்று நம்புவது பெரியவர்கள்தான். பதவி காலையில் வந்துவிடும். பொறுப்பு வருவது, ‘நான்தான் செஞ்சேன்’ என்று சொல்லும் நாளில். இதைப் பிரசங்கம் பண்ணாமல், கிரெக்கின் சப்பைக்கட்டுகளை அவன் வாயாலேயே சொல்லவைத்துப் பிடித்துக் கொடுக்கிறார் கின்னி. கடைசியில் கிரெக்கின் பதவி போகிறது, ரௌலி திரும்புகிறான். கணக்கு நேர்.

நேர்தானா? துரத்தப்பட்ட குட்டிகள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லி அழுதார்கள் என்பதற்குக் கிரெக்கின் டைரியில் இடமில்லை. நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அதுதான் உறுத்தல்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பையனிடம் கேட்டேன்: ‘‘மறுநாள் அந்தக் குட்டிங்க அவன் ‘நில்லு’ன்னா நின்னிருக்குமா?’’

யோசித்தான். ‘‘நான்னா ஓடியிருப்பேன் தாத்தா.’’

‘‘எங்கே?’’

‘‘ரோட்டுக்குத்தான்’’ என்றவன், சிரிக்கவில்லை.