‘பாதுகாப்பு மென்பொருள் இருந்தால் போதும்’: ஒரு கட்டுரை வரி மீது விமர்சனம்



‘இணையத்தில் நம் அந்தரங்கத்தை எவ்வாறு பாதுகாக்கலாம்?’ சென்ற பருவத்தில் என் உயர்நிலை 4 மாணவர்களுக்கு நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பு இது. மொத்தம் பதினேழு கட்டுரைகள். அவற்றுள் பதினான்கில் ஒரே வரி, சின்னச் சின்ன மாற்றங்களோடு வந்திருந்தது: ‘தரமான பாதுகாப்பு மென்பொருளைப் பதிவிறக்கம் செய்துகொண்டால் நம் அந்தரங்கம் களவு போகாது.’ எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழைகூட இல்லை. எப்படி இருக்கும்? அந்த வரியை மாதிரிக் கட்டுரையில் எழுதிக் கொடுத்தவளே நான்தான்!

நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தி அடுத்த வாரம் கைத்தொலைபேசியோடு வந்து நின்றாள். “டீச்சர், கட்டுரையில எழுதின மாதிரியே செஞ்சிட்டேன்” என்றாள். இலவச விபிஎன் ஒன்று, தொலைபேசியைச் ‘சுத்தம் செய்யும்’ இலவசச் செயலி ஒன்று. தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள், இருப்பிடம், ஒலிவாங்கி என்று அவை கேட்டதற்கெல்லாம் ‘அனுமதி’ கொடுத்திருந்தாள். ஏம்மா எல்லாத்துக்கும் சரின்னு அழுத்தினே என்று கேட்டேன். “பாதுகாப்புக்குத்தானே டீச்சர் கேக்குது?” என்றாள்.

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. என் மாதிரிக் கட்டுரையில் அந்தக் கேள்வியே எழவில்லை. ஆகவே, இந்த முறை மாணவர் கட்டுரையை விட்டுவிட்டு, என் வரியையே சிவப்பு மையால் திருத்தலாம் என்று நினைக்கிறேன். அதில் மூன்று குறைகள் உள்ளன.

முதல் குறை, சொல்லில் இருக்கிறது. ‘பாதுகாப்பு’ வேறு, ‘அந்தரங்கம்’ வேறு. உங்கள் வீவக வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் கம்பிக் கதவு திருடனைத் தடுக்கும். ஆனால், தாழ்வாரத்தில் நடந்து போகிறவர் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பதை அது தடுக்காது. அதற்குத் திரைச்சீலை வேண்டும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கம்பிக் கதவு போன்றது. தீய நிரல்கள் சாதனத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும். நாமே படிவத்தில் நிரப்பிக் கொடுக்கும் தகவலையும், நாமே பதிவேற்றும் படத்தையும், நாமே கொடுக்கும் அனுமதியையும் அது தடுக்காது. தலைப்பு கேட்டது திரைச்சீலையைப் பற்றி. நாங்கள் எழுதியதோ கம்பிக் கதவைப் பற்றி. தேர்வு மொழியில் சொன்னால், தலைப்பை விட்டு விலகிவிட்டோம்.

இரண்டாவது குறை, காவல்காரர் யார் என்று கேட்காதது. பாதுகாப்பு மென்பொருள் தன் வேலையைச் செய்ய, நம் சாதனத்தில் நடப்பதை ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்ப்பதை அது என்ன செய்கிறது?

அவாஸ்ட் என்ற நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளை உலகெங்கும் பலர் பயன்படுத்தினார்கள். பிறர் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்த அந்நிறுவனமே, பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. பார்த்த பக்கங்களை வைத்தே ஒருவரின் உடல்நலக் கவலை, சமய நம்பிக்கை, அரசியல் சார்பு, பண நிலைமை எல்லாவற்றையும் ஊகித்துவிடலாம். 2020இல் செய்தி வெளியான பிறகு ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அவாஸ்ட் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்றும், விளம்பரத்திற்காக இத்தகைய விவரங்களை விற்கக் கூடாது என்றும் ஆணையம் அறிவித்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இனி பழைய எடுத்துக்காட்டைத் தேட வேண்டாம்.

விபிஎன்னும் அப்படித்தான். அது நம் இணையப் போக்குவரத்தை ஒரு சுரங்கப்பாதை வழியே கொண்டுபோகிறது. வெளியே நிற்பவருக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. சுரங்கத்தின் சொந்தக்காரருக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் ‘ஒனாவோ புரொடெக்ட்’ ஓர் இலவச விபிஎன். உங்கள் தகவலைக் காப்போம் என்றுதான் விளம்பரம். ஆனால், மக்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வணிக ஆய்வுக்குப் போனது. 2018இல் அது ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விலக்கப்பட்டது; 2019இல் நிறுத்தப்பட்டது. இதே விவகாரத்தில், 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மூன்றாவது குறை, நம் தகவல் எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. 2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டு ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் களவு போயின. அவர்களுள் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. அந்த 1.5 மில்லியன் பேரும் தத்தம் தொலைபேசியில் விலையுயர்ந்த மென்பொருள் வைத்திருந்தாலும் என்ன பயன்? தகவல் அங்கே இல்லையே.

அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று. மாணவர்களின் கற்றல் சாதனங்களை நிர்வகிக்கப் பள்ளிகளில் பயன்பட்ட ‘மொபைல் கார்டியன்’ செயலி 2024 ஆகஸ்டில் ஊடுருவப்பட்டது. 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. பிறகு கல்வி அமைச்சு அந்தச் செயலியை மாணவர்களின் ஐபேட், குரோம்புக் சாதனங்களிலிருந்து நீக்கியது. பாதுகாப்புக்காக வைத்ததே கதவாகிப்போனது. ‘மென்பொருள் இருந்தால் போதும்’ என்று நம் மாணவர்களிடம் இனியும் எப்படிச் சொல்வது?

“அப்ப மென்பொருளே வேணாங்கிறீங்களா டீச்சர்?” என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி, விவாதக் கட்டுரையில் இப்படி ஒரு மறுப்பு கட்டாயம் வர வேண்டும். இல்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. மலிவு விலை உணவு, வீட்டுச் சேவை என்று விளம்பரம் காட்டி, செயலிக் கடைக்கு வெளியிலிருந்து ஒரு கோப்பைப் பதிவிறக்கச் சொல்லி, வங்கிப் பணத்தைச் சுருட்டிய மோசடிகளை நாம் அறிவோம். அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகல், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து சிங்கப்பூரில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. குறுஞ்செய்திகளைப் படிப்பது போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் அத்தகைய செயலிகளை ஆண்ட்ராய்டு தொலைபேசி தானாகவே தடுக்கும். இது உண்மையான பயன். எனவே, மென்பொருள் வேண்டும். நான் குறை சொல்வது ‘போதும்’ என்ற ஒரு சொல்லைத்தான்.

மாணவர்களே, இந்தத் தலைப்பு கட்டுரையிலோ வாய்மொழித் தேர்வின் உரையாடலிலோ வந்தால், ஆலோசனைகளைப் பட்டியல் போடாதீர்கள். ‘மென்பொருள் போடலாம், மறைச்சொல்லை மாற்றலாம், பெற்றோரிடம் சொல்லலாம்’ என்று அடுக்கினால் கருத்து வளராது. ஒவ்வோர் ஆலோசனையையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இது எதைத் தடுக்கும்? எதைத் தடுக்காது? இதைச் செய்ய நான் யாரை நம்ப வேண்டியிருக்கிறது? என் பழைய வரியை இப்படிச் சோதித்துத் திருத்தியபோது கிடைத்த பத்தி இது:

‘பாதுகாப்பு மென்பொருள் தீய நிரல்களைத் தடுக்க உதவும். ஆயினும், நாம் விரும்பிக் கொடுக்கும் தகவலை அதனால் காக்க இயலாது. மேலும், மென்பொருளை உருவாக்கிய நிறுவனமே நம் விவரங்களைச் சேகரிக்கவும் கூடும். எனவே, ஒரு செயலியை நிறுவும் முன் அது யாருடையது, எந்த அனுமதிகளைக் கேட்கிறது, அந்த அனுமதி அதன் வேலைக்குத் தேவையா என்று ஆராய வேண்டும். தேவையற்ற தகவலைக் கொடுக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.’

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. ‘ஆயினும்’, ‘மேலும்’, ‘எனவே’ என்ற மூன்று இணைப்புச் சொற்களும் சும்மா வரவில்லை; ஒவ்வொன்றும் சிந்தனையை ஒரு படி நகர்த்துகிறது. கட்டுரையில் இணைப்புச் சொல் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மொழிப் பாடத்தில் கருத்து கொஞ்சம் மேலோட்டமாக இருந்தாலும் நடை நன்றாக இருந்தால் விட்டுவிடுகிறோம். நானும் விட்டவள்தான். ஆனால், நாம் எழுதிக் கொடுக்கும் வரியைப் பிள்ளைகள் மனனம் மட்டும் செய்வதில்லை, நம்பவும் செய்கிறார்கள். அந்தப் பெண் என் வரியை நம்பித்தான் தன் ஒலிவாங்கிவரை திறந்து கொடுத்தாள்.

அன்று இடைவேளையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த இரண்டு செயலிகளையும் நீக்கினோம். பிறகு மற்றச் செயலிகளின் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கைவிளக்குச் செயலி ஒன்றுக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று அவளே கேட்டு, அவளே அதை அணைத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வகுப்பிலும் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கிப் பாருங்கள். அதற்கு முன்னால், உங்கள் மாதிரிக் கட்டுரைக் கோப்பைத் திறந்து, ‘போதும்’ என்று முடியும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். என்னுடையதில் இன்னும் இரண்டு கட்டுரைகளில் இருந்தது.