லேத்துக்கு இணங்கிய செம்பு

மின்சாரத்துக்குச் சுத்தச் செம்பு ராஜபாட்டை, லேத்துக்கோ பெருந்தொல்லை. டூலில் ஒட்டிக்கொண்டு, அறுபடாத நீளச் சுருளாகச் சீவல் வந்துகொண்டே இருக்கும்.

மருந்து, சுமார் 0.5 சதவீத டெல்லூரியம். சி14500 என்ற எண்ணில் கிடைக்கும் இந்தச் செம்பில், டெல்லூரைடு நுண்துகள்களாக உலோகமெங்கும் சிதறி நிற்கிறது. டூல் அங்கே பட்டதும் சீவல் முறிந்து விழுகிறது. கடைவதற்கென்றே வார்த்த ஈயப் பித்தளைக்கு 100 மதிப்பெண் என்றால், சுத்தச் செம்புக்கு 20, இதற்கு 85!

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அந்தப் பித்தளை மின்கடத்தலில் செம்பின் கால்பங்கைத்தான் எட்டும். இதுவோ 90 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றிக்கொள்கிறது.

வெல்டிங் டார்ச் முனை, பிளாஸ்மா நாஸில், கனெக்டர் பின், சுவிட்ச்கியர் பாகங்கள் எல்லாம் இதில் கடையப்படுகின்றன. பித்தளையைவிட விலை கூடுதல்தான். மின்சாரம் பாயும் பாகத்துக்கு அது தகும்.