அம்மாவுக்கு எத்தனை சீன்?

தமிழ் சினிமாவில் அம்மாவுக்கு என்ன வேலை? தோசை சுடணும். ஹீரோ லேட்டா வந்தா திட்டணும். இன்டர்வெலுக்கு அப்புறம் அழணும். தேவைப்பட்டா செத்துப் போகணும்.

இந்த வேலைக்குத்தான் வந்தார் லட்சுமி ராமகிருஷ்ணன். 2006-ல் லோகிததாஸின் 'சக்கர முத்து' மலையாளப் படத்தில் அறிமுகம். தமிழில் 'பிரிவோம் சந்திப்போம்', 'நாடோடிகள்' என்று வரிசையாக வந்தன. 2011-ல் மிஷ்கினின் 'யுத்தம் செய்' படத்துக்காக மொட்டையே அடித்துக்கொண்டார். அழகு வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கிய அம்மையாரின் ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது புதுசில்லை. கோடம்பாக்கத்துக்குப் புதுசு!

அடுத்த வருஷமே 'ஆரோகணம்' எடுத்து டைரக்டராகிவிட்டார். ஹீரோ கிடையாது. 'தில்லு முல்லு'வில் ரஜினிக்குத் தங்கையாக வந்த விஜி சந்திரசேகர்தான் படமே. பைபோலார் என்கிற மனநோயோடு பிள்ளைகளை வளர்க்கிற ஏழைத் தாய். மனநோய் என்றால் ஒன்று காமெடி, இல்லை சங்கிலி என்று பழகிய நமக்கு அந்த முகம் ஒரு அதிர்ச்சி.

2014-ல் 'நெருங்கி வா முத்தமிடாதே'. பெயரைப் பார்த்துத் தப்பா நினைக்காதீங்க. எரிபொருள் தட்டுப்பாட்டு நேரத்தில் திருச்சியிலிருந்து காரைக்காலுக்கு வருகிற லாரியின் கதை. நம்ம ஊர் பேர் வருதேன்னு சந்தோஷப்படலாம். ஆனால், லாரியில் ஆளுக்கொரு கதையை ஏற்றியதில் ஓவர்லோடு. வண்டி பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது.

பி.காம். படிச்ச புத்தி, வரவு செலவு பார்க்காமல் விடாது. இவர் கணக்கில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஆள் குறையக் குறைய, இடம் சுருங்கச் சுருங்க, படம் வளர்கிறது.

'அம்மணி'யில் (2016) இரண்டே பெண்கள். பிள்ளைகளுக்காகவே உழைத்துத் தேய்ந்த ஆஸ்பத்திரி ஊழியராக லட்சுமி. குப்பை பொறுக்கி, யார் தயவும் இல்லாமல் ஜாலியாக வாழும் கிழவியாக, 2023-ல் காலமான சுப்பலட்சுமி. 'ஹவுஸ் ஓன'ரில் (2019) இன்னும் சுருக்கம். ஒரே வீடு. 2015 சென்னை வெள்ளம். மறதி நோய் வந்த ராணுவ அதிகாரியாகக் கிஷோர், மனைவியாக ஸ்ரீரஞ்சனி. வீடு தன்னுடையது என்பது ஞாபகமிருக்கிறது; மனைவிதான் மறந்துபோகிறாள். சுனாமியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த ஊர் இது. அந்தப் பயத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறை? விளக்குவதுதான் குறை. முகமே சொல்லிவிட்டதை வசனம் மறுபடி சொல்கிறது. 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணிய பழக்கமோ என்னவோ! 'ஆர் யூ ஓகே பேபி?'யில் (2023) அப்படியொரு டி.வி. நிகழ்ச்சியே கதைக்குள் வந்துவிட்டது. இளையராஜா இசை இருந்தும், நாற்காலியின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.

ஆனாலும், நாலு சீன் அம்மாவை நாயகியாக்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடுத்த முறை இப்படி ஒரு சின்னப் படம் வந்தால், முதல் மூணு நாளுக்குள் போய்ப் பார்த்துடுங்க. நாலாம் நாள் போஸ்டர் மட்டும்தான் இருக்கும்.