கடிக்காமலே கடித்த சேதி

சாதிமல்லி எண்ணெயிலிருந்து 1962இல் பிரித்தெடுக்கப்பட்ட மெத்தில் ஜாஸ்மோனேட் முதலில் வாசனைத் திரவியக்காரர்களின் சரக்காகவே இருந்தது. செடிகளுக்கு அது அபாயச் சேதி என்பது பிறகுதான் தெரிந்தது. புழு இலையைக் கடித்தால் செடிக்குள் ஜாஸ்மோனேட் பெருகும்; தடுத்து நிற்கும் சில புரதங்கள் சிதையும்; கசப்பும் நஞ்சும் தயாரிக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். அந்த நஞ்சுகளில் சில நமக்கு மருந்து. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் இருக்கிறது. ஆனால் ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இங்கேதான் ஜாஸ்மோனேட் என்ற இந்தச் செடி ஹார்மோனைத் தெளிப்பதன் நேர்த்தி. புழுவை விடாமல், கடித்த சேதியை மட்டும் செடிக்குச் சொல்கிறோம்.

இது செயற்கை இல்லையா என்பார்கள். செடி தானே சுரக்கும் பொருள்தான். அதனால் செயற்கை என்ற வாதம் நிற்காது. வளர்ச்சி குன்றுமே என்பது கனமான ஆட்சேபம். தற்காப்பில் இறங்கிய செடி தழைப்பதைக் குறைத்துக்கொள்ளும்; சத்து கூடி இலை குறைந்தால் லாபம் ஏது? அதனால்தான் முதலில் வளரவிட்டு, பிறகு சிறு அளவில் கொடுக்கிறார்கள். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துக்காக முன்பு யூ மரங்களின் பட்டையை உரித்தார்கள்; அம்மரத்தின் செல்களை வளர்த்து மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்தால் மருந்து பெருகும் என்று 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நித்தியகல்யாணி அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. வின்பிளாஸ்டினின் ஒரு பாதியான விண்டோலின், இலைத் திசுவின் தனி அமைப்பு இல்லாத செல் வளர்ப்பில் உருவாவதில்லை. அதற்கு இன்றும் தோட்டத்து இலைதான் வேண்டும்.