ஒரே பணப்பை, ஒரே அணி

நூறு மில்லியன் பவுண்டு. விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருப்பவருக்கும், திண்டிவனத்தில் உரக்கடை நடத்துபவருக்கும், கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்த பையனுக்கும் அதே தொகைதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து நடக்கும் ஃபேன்டசி ஆட்டத்தில் (ஆடுகிறவர்கள் எஃப்.பி.எல். என்பார்கள்) ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் எல்லோரும் இந்த இடத்திலிருந்தே கிளம்புகிறோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ரயில் நின்று நின்று போனாலும் இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் பத்துப் பேர் சேர்ந்து சில வருடங்களாக எங்களுக்குள் ஒரு லீக் நடத்திவருகிறோம். அதன் அஸ்திவாரமான அந்த நூறு மில்லியன் சம்பள வரம்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அது எங்கள் போட்டியை மெல்ல மெல்லச் சாரமில்லாமல் ஆக்கிவிடுகிறது என்ற குறையும் உண்டு.

ஆட்டத்தின் கணக்கு எளிது. 100 மில்லியனுக்குள் 15 வீரர்களை வாங்க வேண்டும்: கோல்கீப்பர் 2, தற்காப்பு 5, நடுக்களம் 5, முன்களம் 3. ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் நமக்குப் புள்ளி. முன்கள வீரர் கோல் அடித்தால் 4, நடுக்களக்காரர் அடித்தால் 5, தற்காப்பாளர் அடித்தால் 6. கேப்டனாக வைத்தவருக்கு இரட்டிப்பு. வாரம் ஒருவரை இலவசமாக மாற்றலாம். கையில் சேர்த்துவைத்த மாற்றங்களும் தீர்ந்த பிறகு மாற்றும் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளி வெட்டு. இப்படி 38 வாரம்.

வரம்பின் அருமை, பெரிய பெயர்களை வாங்கப் போகும்போதுதான் தெரியும். 2025-26 சீசன் தொடங்கியபோது முகமது சாலாவின் விலை 14.5, எர்லிங் ஹாலந்தின் விலை 14. இருவரையும் எடுத்தால் 28.5 போய்விடும். மிச்சம் 71.5, அதற்குள் பதின்மூன்று பேர். சராசரி ஐந்தரை. ஐந்தரைக்குக் கிடைக்கும் நடுக்களக்காரரோ முன்கள வீரரோ பெரும்பாலும் கீழ்மட்ட அணியின் ஆளாகவோ, மாற்று ஆட்டக்காரராக இருபது நிமிடம் இறங்குபவராகவோ இருப்பார். ஒன்றை வாங்கினால் எதை இழக்கிறோம் என்பதைப் பொருளாதாரப் பாடம் பக்கம் பக்கமாகச் சொல்லும். இந்த ஆட்டம் அதை ஒரு சனிக்கிழமைக்குள் உணர்த்திவிடும். சம்பளம் வந்த மறுநாள் மளிகை, பள்ளிக் கட்டணம், வட்டி என்று பிரித்துவைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய வித்தையும் இல்லை. பணக்கார கிளப்பின் ரசிகன் என்பதால் இங்கே யாருக்கும் கூடுதலாக ஒரு காசு கிடையாது.

விலைக்கும் தகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பதே ஆட்டக்காரனின் திறமை. 2015-16இல் லெஸ்டர் சிட்டியின் ரியாத் மாரெஸ் 5.5 விலையில் கிடந்தார்; சீசன் முடிவில் 240 புள்ளி. 2023-24இல் செல்சிக்கு மாறிய கோல் பால்மரின் தொடக்க விலை 5. எடுத்த புள்ளி 244. நம் ஊர்க் கிரிக்கெட்டிலும் இந்த இடைவெளியைப் பார்த்திருக்கிறோம். சாய் சுதர்சனை குஜராத் டைட்டன்ஸ் எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஏலத்தில், ஓர் அணிக்கு மொத்தமே 70 லட்சம் என்ற வரம்புக்குள், கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. ஐ.பி.எல். கொடுத்ததைவிட அதிகம். அந்த வருட ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்தில் 96 அடித்தபோது, கோவைக்காரர்களின் கணிப்பு நாடு முழுவதும் தெரிந்தது. வரம்பு இருந்ததால்தான் அந்த 21.6 லட்சத்துக்கு அர்த்தம். பணம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் கணிப்புக்கு மரியாதை இல்லை.

இதுவரை சொன்னது நிறை. இனி குறை. எஃப்.பி.எல். முறையில் வரம்பு உண்டு, ஆனால் பொருள் தீராது. ஹாலந்தை நானும் வாங்கலாம், உரக்கடை நண்பரும் வாங்கலாம், பத்துப் பேரும் வாங்கலாம். விலையை நிர்ணயிப்பது ஆட்டத்தை நடத்துபவர்கள். எல்லோருக்கும் ஒரே விலைப்பட்டியல், ஒரே பணப்பை, படிப்பதற்கும் ஒரே மாதிரியான ஆலோசனைகள். விளைவு என்ன? அக்டோபர் முடிவதற்குள் பத்து அணிகளும் ஏறக்குறைய ஒரே அணியாகிவிடுகின்றன. பத்துப் பேரும் ஹாலந்தைக் கேப்டனாக வைத்திருக்கும் இரவில் அவர் கோல் அடித்தால் பத்துப் பேருக்கும் எட்டுப் புள்ளி. பட்டியலில் யாரும் ஓர் இடம்கூட நகர மாட்டார்கள். அந்த கோலுக்காகக் கத்துவதில் பொருளே இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதைத் தீர்மானிப்பது பதினோராவது ஆளாக யாரை இறக்கினோம் என்பது போன்ற சில்லறை விஷயங்கள். எல்லோரையும் சமமாக்க வந்த வரம்பு, எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. இந்த முறையின் மிகப் பெரிய பிழை இதுதான் என்பேன்.

பணத்தைச் சமமாக்கிய ஆட்டம் நேரத்தைச் சமமாக்கவில்லை என்பது அடுத்தது. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அணியைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் அங்கே 12.30க்கு ஆட்டம் என்றால் பூட்டும் நேரம் நமக்கு மாலை 3.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 4.30. உரக்கடையில் கூட்டம் இருக்கும் நேரம் அது. பணிமுறையில் இருப்பவர் போனைத் தொட முடியாது. விடுதி அறையில் இருக்கும் மாணவனோ கடைசி நிமிடம் வரை யாருக்குக் காயம், யார் பெஞ்சில் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் ஜெயிப்பது ஞானத்தால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு, அது பழையது. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஒக்ரென்ட்டும் நண்பர்களும் பேஸ்பாலை வைத்துத் தொடங்கிய லீக்கில் ஆளுக்கு ஒரே அளவு டாலர் வரம்பு, திறந்த ஏலம். ஒரு வீரர் ஒருவருக்கு மட்டும். அந்த ஒரு விதியால் எல்லாமே மாறிவிடுகிறது. விலையை இப்போது யாரோ மேலிருந்து சொல்வதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், எங்கள் குழுவில் ஒருவர் ஆர்சனல் பைத்தியம். புகாயோ சாகாவின் பெயர் வந்தால் விடமாட்டார். சாகாவின் விலையை ஏற்றிவிட்டு நடுவில் நழுவிக்கொண்டால், அந்த நண்பரின் பை இளைக்கும். எனக்கு வேறு மூன்று பேர் மலிவாகக் கிடைப்பார்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் அவர் கைவிட்டுவிடுவார். வேண்டாத சுமை என் தலையில் விழும். இத்தனை நாள் பழக்கம் இங்கே மூலதனம். நண்பர்களுக்குள் ஆடுவதற்கென்று ஒரு தனி ருசி இருக்கிறதென்றால் அது இங்கேதான். முகம் தெரியாதவரோடு ஆடும்போது அது வராது.

ஏலத்துக்கும் குறைகள் உண்டு. ஒரு மாலை முழுவதும் பத்துப் பேரும் ஓரிடத்தில் உட்கார வேண்டும். 150 பெயர்களை ஏலம் விட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் அரை மணியில் பணத்தை இறைத்தவர் மீதி நேரம் வேடிக்கை பார்ப்பார். அதைவிட முக்கியம், கூச்சப்படுகிறவர் தோற்பார். உரக்கக் கேட்பவருக்குச் சாதகமான முறை அது. இதற்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், நாங்கள் கமிட்டி என்று சொல்லும் இடத்தில், மல்லாட்டை (நிலக்கடலை) குவியலை வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு விலையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். மறைமுக ஏலம். பக்கத்து வியாபாரி என்ன எழுதினார் என்பது தெரியாது. குரலுக்கு அங்கே வேலை இல்லை. சீசன் நடுவில் யாரிடமும் இல்லாத ஒரு வீரர் திடீரென்று மேலே வரும்போது இந்த முறைதான் நியாயம். வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஆளுக்கொரு தொகை எழுதி அனுப்பட்டும், ஒன்றாகப் பிரிப்போம். கடைக்காரரும் மாணவனும் அப்போதுதான் உண்மையில் சமம். கேட்டவர்களில் அதிகம் எழுதியவருக்கு வீரர், ஆனால் கொடுக்க வேண்டியது இரண்டாவது ஆளின் தொகை என்று வைத்தால் இன்னும் நல்லது. 1961இல் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி விளக்கிய முறை அது. மனதில் உள்ள விலையை மறைக்காமல் எழுத வைக்கும். ஆகஸ்ட் ஏலத்தை மட்டும் வாய்விட்டே நடத்த வேண்டும். அந்தச் சந்தோஷத்தைச் சீட்டில் அடைக்கக் கூடாது.

பணம் கட்டி ஆடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டோம். நேருக்கு நேர் முறையில் ஆடினோம். வாரம் ஒரு எதிராளி, வென்றால் 3, சமன் என்றால் 1. பிப்ரவரியில் ஒருவர் வேலை மாறிப் போனார். அணியைத் தொடவே இல்லை. அவரோடு மோதியவர்களுக்கெல்லாம் சும்மா வெற்றி. பணம் இல்லாத வருடத்தில் இதைக் கிண்டலோடு விட்டிருப்போம். அந்த வருடம் அது சந்தேகமாயிற்று, பிறகு குற்றச்சாட்டாயிற்று. இரண்டு பேர் இன்றுவரை ஒரே குழுவில் பேசிக்கொள்வதில்லை. ஐயாயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. அது செய்த காரியம் பெரிது. கட்டணம் வாங்கி ஆள் சேர்த்த ட்ரீம் லெவன் போன்ற செயலிகள் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் கட்டணப் போட்டிகளை நிறுத்தின. அந்தத் தடையை நான் வரவேற்கிறேன். திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வாதம் நடந்தது. திறமைதான் என்றே வைத்துக்கொண்டாலும், திறமைசாலியின் சம்பாத்தியம் அறியாதவரின் பையிலிருந்துதானே வர வேண்டும்? வரம்பு வைத்து ஆடும் ஆட்டத்தில் வரம்பில்லாமல் போனது நிஜப் பணம்தான்.

ஆகவே எனது முடிவு: வரம்பு இருக்கட்டும், பொது விலைப்பட்டியல் வேண்டாம், பந்தயப் பணம் கூடவே கூடாது. எஃப்.பி.எல். தளம் தரும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அணிகளை நம் ஏலத்தில் அமைத்து, கணக்கை ஒரு நோட்டில் எழுதலாம். சீசன் ஆகஸ்ட்டில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஞாயிறு மாலையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்களையும் அன்றைக்கு ரயிலேறி வரச் சொல்லுங்கள்.